அண்ணன் சம்பாதித்தால் தங்கைக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்காதா?

தம்பி, பின்னால் படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். அப்பா மூன்று மா, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார், மற்ற நாளில் கூலி வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நீங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த தங்கை, திருவாரூரில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். ஆதிதிராவிடர் சமூகம். புதுமைப்பெண் பணம் வாங்கினால் ஸ்காலர்ஷிப் வராது என்று ஊரில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுத் தர பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். எதற்கு விண்ணப்பிப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "நான் சம்பாதிப்பதால் அவளுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் டெல்டாவில் ஓர் அரசு கலைக் கல்லூரியின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். கையால் எழுதிய விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ்ஸில் எடுத்துப் போன காலமும் தெரியும், எல்லாம் ஆன்லைன் ஆன காலமும் தெரியும். உங்களைப் போன்ற அண்ணன்கள் எத்தனையோ பேர் லீவு போட்டுவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரி விஷயங்களை நான் உறுதியாகச் சொல்ல முடியும். இன்ஜினியரிங், மெடிக்கல் பக்கம் எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு. அங்கே வரும்போது சுருக்கமாகத்தான் சொல்வேன்.

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. அப்பா அம்மா வருமானம் 72,000 என்று வைத்தால் மொத்தம் 2,52,000. ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகைக்கு, வருமான வரம்பு 2,50,000. இரண்டாயிரம் ரூபாய் கூடிவிட்டதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம். போஸ்ட் மெட்ரிக் விதிகளில் நீண்ட காலமாக ஒரு குறிப்பு இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை அவர்களுடைய வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. கல்யாணமான பெண்ணாக இருந்தால் மட்டும் கணவர் வருமானம் பார்ப்பார்கள். அண்ணன் சம்பளம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. நீங்கள் திருப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பும் பணம் உங்கள் தங்கையின் உரிமையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

விதி இதுதான். நடைமுறையில் ஒரு இடறல் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது குடும்பத்தினரின் வருமானத்தைக் கேட்பார்கள். ரேஷன் கார்டில் உங்கள் பெயரும் இருந்தால், விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ. "பையன் திருப்பூர்ல இருக்கானே" என்று உங்கள் சம்பளத்தையும் சேர்த்து எழுத வாய்ப்பு உண்டு. சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம், இப்படித்தான் நடக்கும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. அப்பாவை நேரில் போகச் சொல்லுங்கள். சான்று மகளின் கல்வி உதவித்தொகைக்காகக் கேட்கிறோம், அதற்குப் பெற்றோர் வருமானம்தான் கணக்கு என்று பணிவாக எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வேலை பார்ப்பதை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். எந்தக் காரியத்துக்கான சான்று என்பதை அவர் முன்னாலேயே தெளிவாக வைத்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

வருமானத்தைப் பற்றி இன்னொன்று. நம் பக்கத்தில் கூலி வேலைக் குடும்பம் என்றாலே ஏதோ ஒரு தொகையைக் குறைத்துப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. முதல் வருடம் 48,000, அடுத்த வருடம் வேறு ஒருவர் எழுதி 96,000, மூன்றாம் வருடம் 60,000 என்று ஒரே பெண்ணின் மூன்று சான்றுகளை நான் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பவருக்கு இது சந்தேகத்தைக் கொடுக்கும். வரம்பு இரண்டரை லட்சம் இருக்கும்போது குறைத்துச் சொல்லி என்ன லாபம்? குத்தகைச் சாகுபடியில் நில உடைமையாளருக்கு அளக்கும் நெல், விதை, உரம், அறுப்புக் கூலி எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று அப்பாவுக்குத் தெரியும். அதோடு இரண்டு பேரின் கூலியையும் கூட்டி, உள்ளதையே சொல்லுங்கள். அடுத்த வருடமும் அதே கணக்கைச் சொல்ல முடியும்.

சரி, இப்போது புதுமைப்பெண். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று ஊரில் சொல்வது தவறு. வேறு கல்வி உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப்பெண் பணத்தைக் கூடுதலாகப் பெறலாம் என்று திட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய திட்டம். முதலில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. பையன்களுக்கு இதேபோல் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டுக்கும் சாதி நிபந்தனையும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. படித்த பள்ளி எது என்பதுதான் தகுதி. தொலைதூரக் கல்விக்கு மட்டும் கிடையாது. புதுமைப்பெண் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். திருவாரூரில் பிறந்து, மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் அந்த அம்மையார். அவர் பிறந்த ஊரிலேயே உங்கள் தங்கை கணிதம் படிக்கப் போகிறாள். எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒன்று உண்டு. பிளஸ் டூவில் அந்தந்தத் தேர்வு வாரியத்தின் 80-ஆவது பெர்சென்டைலுக்கு மேல் வந்தவர்களுக்கு, அதாவது மதிப்பெண் வரிசையில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் முதல் மூன்று ஆண்டு வருடத்துக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு வருடத்துக்கு 20,000. நாடு முழுக்க வருடம் 82,000 பேருக்குத்தான் புதிதாகக் கொடுக்கிறார்கள். அதில் பாதி பெண்களுக்கு. அதற்கு விண்ணப்பிப்பவர் வேறு உதவித்தொகையோ மாநில அரசின் கட்டணச் சலுகையோ பெறக்கூடாது என்று அவர்கள் விதி சொல்கிறது. அதாவது, போஸ்ட் மெட்ரிக்கையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. இந்த நிபந்தனைதான் காதுக்குக் காது மாறி, புதுமைப்பெண் வாங்கினால் எதுவுமே கிடைக்காது என்று ஆகிவிட்டது.

இப்போது உங்கள் தங்கைக்கு எது நல்லது என்று பார்ப்போம். போஸ்ட் மெட்ரிக்கில் இரண்டு பகுதி. ஒன்று, திரும்பத் தராத கட்டாயக் கட்டணங்கள். இரண்டாவது, படிப்புக்கால உதவி. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்புகள் மூன்றாம் பிரிவில் வரும். வீட்டிலிருந்து போய்வந்தால் வருடம் 3,000, விடுதியில் தங்கினால் 6,000. அரசுக் கல்லூரியில் கட்டணமே குறைவு என்பதால் மொத்தத் தொகை பெரிதாக இருக்காது. தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் பெரிய தூண், ஏனென்றால் அங்கே கட்டணப் பகுதி பெரிது. ஆக உங்கள் தங்கை நல்ல மதிப்பெண் எடுத்திருந்தால், போஸ்ட் மெட்ரிக்கைவிட 12,000 ரூபாய் மத்திய உதவித்தொகைதான் அவளுக்கு அதிக லாபம். ஆனால் அதற்குப் போட்டி இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக்கில் போட்டியே கிடையாது, தகுதி இருந்தால் கிடைத்தாக வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் இதைத்தான் போடு என்று நான் சொல்ல மாட்டேன். 600-க்கு 500-க்கு நல்ல மேலே இருந்தால், கல்லூரியில் தேசிய உதவித்தொகை வேலையைப் பார்க்கும் நோடல் அலுவலரிடம் மார்க் ஷீட்டைக் காட்டிக் கேளுங்கள். புதுமைப்பெண் பணத்தையும் சொல்லி, இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே தெளிவாக்கிக்கொள்ளுங்கள், மத்திய விதியின் வாசகம் கடுமையானது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு வருடமும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும் என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள். வருகை குறைந்து புதுப்பித்தல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நடவு, அறுப்பு நேரத்தில் அம்மாவுக்கு உதவியாக நின்றுவிடுவார்கள், செமஸ்டர் முடிவில் கணக்குப் பார்த்தால் எழுபது சதவீதம்கூட இருக்காது. தயவுசெய்து அவளை வயலுக்குக் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

இதுவரை சொன்னது தகுதி பற்றி. ஆனால் தம்பி, தகுதி இல்லாமல் உதவித்தொகை போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெயராலும் வங்கிக் கணக்காலும் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இதைத்தான் இந்தப் பதிலில் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் இருந்து தொடங்குகிறேன். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புக், இந்த நாலையும் பாயில் வரிசையாக வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே பெண்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகத் திருத்துங்கள், ஏனென்றால் எல்லாவற்றிலும் திருத்தக் கஷ்டமானது அதுதான். ஆதார் திருத்தத்துக்கு நாளாகும், அதனால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் கியூ.ஆர். கோடு உள்ள மின்சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கி. ஆதாரைக் கொடுத்துக் கணக்கு தொடங்கியாயிற்று, ஆகவே ஆதார் இணைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. கணக்கு தொடங்க ஆதாரைக் காட்டுவது வெறும் அடையாளம். அரசுப் பணம் வருவதற்கு அந்த ஆதார் எண், வங்கிகளுக்கு இடையே பணம் போய்வரும் வேலையைப் பார்க்கும் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பின் பதிவில் எந்த வங்கியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. இதை ஆதார் சீடிங் என்பார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான், கடைசியாக எது சேர்க்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும் சரி.

ஒரு பெண்ணை மறக்கவே முடியவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவி, இரண்டு வருடமாக ஒரு பைசா வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தார், சேலைத் தலைப்பில் பாஸ்புக்கை முடிந்து வைத்திருந்தார். அதில் கடைசி வரவு என்றோ வந்த நகைக்கடன் சம்பந்தமான ஒரு தொகை. எங்கள் பதிவில் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாக இருந்தது. எங்கள் அலுவலகத்திலும் அவளை இரண்டு முறை "பேங்க்ல போய்க் கேளு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம், அது எங்கள் தவறு. உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான், பிளஸ் ஒன் படிக்கும்போது ஊருக்கு வந்த ஒரு முகாமில் கைரேகை வைத்து ஏதோ கணக்கு தொடங்கினோம் என்று அந்த அம்மா நினைவுபடுத்திச் சொன்னார். சீடிங் அந்தக் கணக்கில் இருந்தது. இரண்டு வருடப் பணமும் அங்கேயே இருந்தது. அந்தக் கணக்கு எண் எழுதிய சின்ன அட்டையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார்கள். அந்த இரண்டு வருடமும் அந்தப் பெண் பரீட்சைக் கட்டணத்துக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து, பணம் வரவில்லை என்று யார் வந்தாலும் பாஸ்புக்கைக் கேட்பதற்கு முன்னால் சீடிங் எங்கே இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன்.

பார்ப்பது சுலபம். ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறது, இயங்குகிறதா என்று காட்டும். போனில் *99*99*1# போட்டும் பார்க்கலாம். வேறு வங்கி காட்டினால், உங்களுக்கு வேண்டிய வங்கிக் கிளைக்குத் தங்கை நேரில் போய், அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலைந்து நாள் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அவளுடைய தனிக் கணக்காகவே இருக்கட்டும். அம்மாவோடு ஜாயின்ட் கணக்கு வேண்டாம். குழுக் கடன் தவணை பிடிக்கும் கணக்கு கண்டிப்பாக வேண்டாம். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் விட்டால் கணக்கு முடங்கிவிடும், அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஓ.டி.பி. என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தங்கையின் ஆதாரில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? பெரும்பாலும் அண்ணன் நம்பர்தான் இருக்கும். நீங்கள் திருப்பூரில் மிஷின் சத்தத்தில் நிற்பீர்கள், அவள் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நிற்பாள், ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். அவள் கையில் இருக்கும் நம்பரை ஆதாரில் மாற்றிவிடுங்கள்.

இந்த இரண்டும் சரியானதும் விண்ணப்பம். கல்லூரியில் சேர்ந்ததும் அவளுக்கு யு.எம்.ஐ.எஸ். எண் ஒன்று உருவாக்குவார்கள், பள்ளியில் எமிஸ் எண் இருந்ததைப் போல. புதுமைப்பெண்ணுக்கும் மற்ற மாநில உதவிகளுக்கும் இப்போது அடித்தளம் அந்த எண்தான். அதில் பெயர், பள்ளி விவரம், வகுப்பு, நாள்தோறும் வந்துபோகிறாளா விடுதியா என்பதெல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவளே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பதிவேற்றும் அலுவலருக்கு ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், தவறு நேரும். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைக்கு மட்டும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் தனியாகப் போட வேண்டும், முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு, அப்புறம் விண்ணப்பம்.

எல்லா விண்ணப்பமும் இலவசம் தம்பி. வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் சான்றுக்கு 60 ரூபாய். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன், பிரின்டுக்கு உள்ள கூலியைக் கொடுங்கள், அது அவர்கள் உழைப்பு. 1,500 ரூபாய் கொடுக்காதீர்கள். பணத்தைவிட இதில் எனக்குப் பெரிய பயம் வேறு. அவசரத்தில் அவர்கள் தங்கள் போன் நம்பரையே போட்டுவிடுவார்கள், பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கும். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். ஸ்காலர்ஷிப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்று தங்கைக்கு அழுத்திச் சொல்லுங்கள். எந்த அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது.

எப்போது செய்வது என்பதில் நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கடைசித் தேதி வருடா வருடம் மாறும், நீட்டிக்கவும் செய்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். அக்டோபரும் நவம்பரும் டெல்டாவில் வி.ஏ.ஓ. அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அதற்கு வேண்டிய அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்க ஊரே திரண்டு நிற்கும். அதோடு மழையும் சேர்ந்தால் சேத நிவாரணக் கணக்கெடுப்பு. அந்த நேரத்தில் வருமானச் சான்று விண்ணப்பம் போட்டால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று நகர நாளாகும். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் ஜூன், ஜூலையிலேயே வாங்கி வைப்பதுதான் நல்லது. வருமானச் சான்று ஒரு வருடம் செல்லும். இந்த வருடம் அந்தக் காலம் தாண்டிவிட்டதென்றால், இந்த வாரமே போட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எவ்வளவு பேர் சான்றிதழை இழந்தார்கள் என்று பார்த்திருப்பீர்கள். வெயிலில் காயவைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன மார்க் ஷீட்டைக் கையில் தாங்கியபடி பிள்ளைகள் எங்கள் வராந்தாவில் நின்றார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தங்கையின் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்போது வரும் என்று கேட்டால், தேதி சொல்ல யாராலும் முடியாது. போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்திய அரசு தன் பங்கை மாணவர் கணக்கில் நேராகப் போடும். அதனால் பாதி வந்து பாதி வராமல் இருந்தால் பதறாதீர்கள். வருடக் கடைசிவரைகூட இழுக்கலாம். அதை நம்பி செலவு வைத்துக்கொள்ளாதீர்கள், மாதா மாதம் வரும் புதுமைப்பெண் பணம்தான் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் கை கொடுக்கும். தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கவனியுங்கள். கணக்குக்கு வரும் தொகையில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் சேர்ந்தே வரும். வீட்டுக் கடனுக்கு எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு ஹால் டிக்கெட் நேரத்தில் திண்டாடியவர்கள் உண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம்தான். ஆனால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் இலவசக் கல்வித் திட்டத்தில் அந்த வரம்பும் பார்ப்பதில்லை, விண்ணப்பம் மட்டும் போட வேண்டும். கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு மத்தியப் பங்கு கிடையாது, மாநில அரசு தன் நிதியில் கொடுக்கிறது, ஆகவே நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். முதல் பட்டதாரி சான்று என்பது கலந்தாய்வு வழியாக இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும், சாதியும் வருமானமும் பார்க்காது, ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு அலைவதில் பயன் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போனால் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு மாதம் ஒருமுறை அதன் நிலையைப் பார்க்க வேண்டும். குறைபாடு என்று கல்லூரிக்குத் திரும்பி வந்திருக்கும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், தேதி முடிந்துவிடும். கல்லூரியில் பதில் கிடைக்காவிட்டால் விண்ணப்ப எண்ணோடு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கும் நகராவிட்டால் திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். 1100-க்கு போன் செய்தும் பதியலாம். மனுவில் நீளமாக எழுத வேண்டாம். யு.எம்.ஐ.எஸ். எண், விண்ணப்ப எண், சீடிங் உள்ள வங்கியின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்த நிலையில் நிற்கிறது, இவ்வளவு போதும்.

நீங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவே தங்கையிடம் போனில் சொல்லி, சீடிங் எந்த வங்கியில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன். வங்கியின் பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் போட்டுவிடாதீர்கள்.